கித்தா மரம் இல்லாத ஆக்குத்திசுப் பாடம்

படிவம் 5 உயிரியலில் முதல் பாடமே தாவரத் திசுக்களும் வளர்ச்சியும்தான். பள்ளி திறந்ததும் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பாடத்துக்கான சுருக்கக் குறிப்புகள் வரிசையாக வந்து விழும். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் டியூஷன் வகுப்புகளில் அச்சடித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இவைதான். கைக்குக் கிடைத்த ஐந்தாறு குறிப்புகளை உட்கார்ந்து முழுசாகப் படித்துப் பார்த்தேன். எழுதியவர்கள் பெயர் வேண்டாம். எல்லாரும் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் சொல்ல வேண்டிய குறை ஒன்று இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நுனி, பக்க, இடை ஆக்குத்திசுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை எல்லாக் குறிப்புகளும் தெளிவாகச் சொல்கின்றன. வேர் நுனிப் படத்தில் செல் பகுப்புப் பகுதி, நீட்சிப் பகுதி, வேறுபாடு அடையும் பகுதி மூன்றும் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. முதல்நிலை வளர்ச்சியையும் இரண்டாம் நிலை வளர்ச்சியையும் ஒப்பிடும் அட்டவணையை மனப்பாடம் பண்ணினால் எஸ்.பி.எம். தாளில் சில மதிப்பெண்கள் நிச்சயம் கிடைக்கும்.

ஆனால் இதையெல்லாம் படித்து முடித்த பிள்ளைக்கு ஆக்குத்திசுவின் முகவரிதான் தெரிகிறது. அது அங்கே உட்கார்ந்து என்ன வேலை செய்கிறது, அதற்கு அடிபட்டால் செடிக்கு என்ன ஆகும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். கேம்பியத்துக்கு ஓக் மரம், ஆண்டு வளையத்துக்குப் பைன் மரம். நம்ம பிள்ளைங்க பார்த்த குளிர் கேமரன் மலைக் குளிர்தான். வருஷம் முழுக்க மழையும் வெயிலுமாக இருக்கிற இந்த ஊரில் பல மரங்களில் அந்த மாதிரித் தெளிவான வளையம் விழுவதே இல்லை. இவர்களுடைய தாத்தா பாட்டி விடியற்காலையில் தினமும் தொட்ட மரம் ஒன்று இருக்கிறது. அது ஒரு குறிப்பில்கூட இல்லை.

என் அம்மா கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கித்தா மரம் சீவியவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கேம்பியம் என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. ஆனால் கத்தி எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். "பட்டையிலதான் போவணும், மரத்துல படக்கூடாது" என்பார். பட்டால் அதற்குப் பெயர் காயம். காயம் போட்டால் மண்டோரிடம் ஏச்சு நிச்சயம்.

அந்த ஒரு வரிக்குள் பக்க ஆக்குத்திசுப் பாடம் பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது. கித்தா மரத்தின் பட்டையை வெளியிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டு போங்கள். முதலில் தக்கை. அதை உண்டாக்குவது தக்கைக் கேம்பியம். அடுத்து, கல் செல்கள் நிறைந்த கெட்டியான பகுதி. அதற்கும் உள்ளே மென்மையான ஃபுளோயம். பால் ஓடும் குழாய்கள் இந்த ஃபுளோயத்தில்தான் வளையம் வளையமாக இருக்கின்றன. அதை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கேம்பியம். அதற்கு அப்பால் கட்டை, அதாவது சைலம்.

கேம்பியம் செல்கள் பகுபட்டு உள்பக்கம் சைலத்தையும் வெளிப்பக்கம் ஃபுளோயத்தையும் தருகின்றன என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. வெளிப்பக்கம் தருகிற செல்களில் ஒரு பகுதிதான் கித்தா மரத்தில் பால் குழாய்களாக மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாடத்துக்கு உயிர் வந்துவிடும். புதுக் குழாய் வளையங்கள் கேம்பியத்தை ஒட்டியே உருவாவதால் அங்கேதான் அவை நெருக்கமாக இருக்கும். ஆழமாகச் சீவினால் பால் கூடுதல். ஒரு மயிரிழை அதிகமாகப் போனால் கேம்பியம் போச்சு. அதனால்தான் கேம்பியத்துக்கு வெளியே 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டுச் சீவச் சொல்வார்கள். மங்கலான வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், தினமும் அந்தக் கணக்கு.

கேம்பியம் பிழைத்திருந்தால் சீவிய இடத்தில் சில வருஷங்களில் புதுப்பட்டை வளர்ந்து, அதே இடத்தில் மறுபடியும் சீவலாம். காயம் பட்ட இடத்தில் கட்டை முண்டுமுண்டாகத் தடித்துவிடும். மேடுபள்ளமான அந்தப் பட்டையில் கத்தி சீராக ஓடாது. ஆக்குத்திசு சேதமானால் விளைவு என்ன என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

வரலாறும் இதையே சொல்கிறது. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடரி கேம்பியத்தைத் தாண்டிக் கட்டையில் இறங்கும். 1877-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குக் கித்தாக் கன்றுகள் வந்தன. 1888-இல் அங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, கொத்துவதை விட்டுவிட்டு ஒரே வெட்டின் ஓரத்தை மெல்லிசாகச் சீவிச் சீவித் திறக்கும் முறையை 1890-களில் சோதித்துக் காட்டினார். கேம்பியத்தைக் காப்பாற்றிய அந்த முறையால்தான் ஒரே மரத்தில் பல பத்தாண்டுகள் பால் எடுக்க முடிந்தது. மலாயாவின் கித்தாத் தோட்டங்களும், அவற்றை நம்பி வந்த நம் முன்னோரின் வாழ்க்கையும் அந்த மெல்லிய செல் அடுக்கின் மேல்தான் நின்றன.

அடுத்த குறையில் எனக்கும் பங்கு உண்டு. மரம் என்றால் இரண்டாம் நிலை வளர்ச்சி, செடி என்றால் முதல்நிலை வளர்ச்சி என்று பல குறிப்புகள் எழுதுகின்றன. நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், செம்பனையும் தடியாத்தானே இருக்கு, அதுக்குக் கேம்பியம் எங்க சார்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன்.

செம்பனைக்குக் கேம்பியம் கிடையாது. தென்னைக்கும் கிடையாது. குருத்தின் அடியில் இருக்கும் நுனி ஆக்குத்திசுவும், அதற்குச் சற்றுக் கீழே முதல்நிலையிலேயே பருமன் தரும் ஆக்குத்திசுவும்தான் எல்லா வேலையையும் செய்கின்றன. இளம் செம்பனை முதல் சில வருஷங்கள் உயராமல் அடியில் அகன்றுகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டின் அகலத்தை முதலில் முடிவு பண்ணிவிட்டுத்தான் அது மேலே கிளம்புகிறது. சாதாரணமாகக் கிளையும் இல்லை, மாற்று நுனியும் இல்லை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து வளர்நுனி வரை போய்விட்டால் மரமே சாகும். கித்தா மரத்தின் நுனியை வெட்டினால் பக்கத்து மொட்டு கிளம்பிவிடும், செம்பனைக்கு அந்த வழி இல்லை. குவாலா சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமாராம் தோட்டத்தில் 1917-இல் வணிக முறையில் செம்பனை நட்ட நாளிலிருந்து இந்த நாட்டில் பரவிய மரம் இது. படிவம் 5 குறிப்பில் அதற்கு ஒரு வரி இடமாவது கொடுக்கலாம்.

இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு ஒன்று. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்பக்கம் வைரமாக இருப்பதைப் புல் என்றும் உள்பக்கம் வைரமாக இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். கேம்பியம் வருஷா வருஷம் சைலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் மரத்தில் உள்ளே வைரம் பாய்கிறது. கேம்பியம் இல்லாத தென்னையில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் வெளி ஓரத்தில் நெருக்கமாக இருப்பதால் ஓரம்தான் கெட்டி. இதை வைத்துத் தொல்காப்பியருக்குக் கேம்பியம் தெரியும் என்று மேடையில் பேச வேண்டாம். தண்டை வெட்டிப் பார்த்துக் கவனித்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். வகுப்பில் ஒரு தேங்காய்மரத் துண்டையும் ஒரு பலாக்கட்டையையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் கவனிப்பை நம் பிள்ளைகளும் ஐந்து நிமிஷத்தில் செய்துவிடுவார்கள்.

கலைச்சொல் விஷயத்தில் பெரிய குழப்பம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ஆக்குத்திசு, கேம்பியம், சைலம், ஃபுளோயம். இலங்கைப் புத்தகத்தில் பிரியிழையம், மாறிழையம், காழ், உரியம். ஒரு குறிப்பில் முதல் பக்கம் ஆக்குத்திசு, மூன்றாம் பக்கம் பிரியிழையம். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து என் மாணவி ஒருத்தி இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டாள். தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் படித்துவிட்டு, தேர்வில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்போகிற பிள்ளை அவள். ஏதாவது ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே தேர்வில் வரும் சொல்லான மெரிஸ்தெமையும் எழுதுங்கள். எனக்கு உரியம் பிடிக்கும். உரித்தால் பட்டையோடு வருவது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

வேறுபாடு அடைதல் என்ற பகுதியை எல்லாரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். செல் சிறப்புத்தன்மை பெறும், அவ்வளவுதான். அது தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுப் பக்கத்திலேயே கதை இருக்கிறது. திசு வளர்ப்பில் உருவாக்கிய செம்பனைகள் சிலவற்றில், 1980-களில், பூவில் மகரந்தத்தாளாக வேண்டிய உறுப்புகள் சூலிலை மாதிரி மாறி, காயைச் சுற்றி மேலங்கி போட்டது போல் வளர்ந்தன. விளைச்சல் விழுந்தது. மரபணு வரிசை அப்படியே இருந்தது. அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டிய மெத்தில் குறி ஓரிடத்தில் அழிந்ததே காரணம் என்று பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். அந்த இடத்துக்குக் கர்மா என்று பெயர், நான் வைத்ததல்ல. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு வாழை போதும். குலை தள்ளாத வாழை ஒன்றைச் சாயங்காலம் முழங்கால் உயரத்தில் குறுக்கே வெட்டிவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வெளி அடுக்குகள் வெட்டிய இடத்திலேயே நிற்கும். நடுவில் இருக்கும் இளம் இலை மட்டும் குழாய் போல் மேலே தள்ளி வந்திருக்கும். வெட்டியது நுனியை என்றால் வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தண்டின் வளர்நுனி தரையோடு கிழங்கில் இருக்கிறது, இளம் இலை அதன் அடிப்பகுதியில் இன்னும் வளர்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லும் வரை அட்டவணையைத் திறக்காதீர்கள். குறிப்பின் அடுத்த பதிப்பு எழுதும் நண்பர்கள் ஓக் மரப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கித்தாப் பட்டையின் குறுக்குவெட்டைப் போட்டால், கத்தி நிற்க வேண்டிய இடத்தையும் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.