‘நச்சற்றது’ முத்திரையை எதுவரை நம்பலாம்?

குழந்தைக்கு கிரேயான் வாங்கும் பெற்றோரும் ஓவிய வகுப்புக்கு வண்ணம் வாங்கும் ஆசிரியரும் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது ‘நான்-டாக்சிக்’ என்ற சொல்லுக்காகத்தான். அது அச்சாகியிருந்தால் மேற்கொண்டு கேள்வி எழுவதில்லை. கலைக்கூடத்தின் மொத்தப் பாதுகாப்பையும் இந்த ஒரு முத்திரையிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அந்த நம்பிக்கைக்கு அது எவ்வளவு தகுதியானது?

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிடலாம். கலைப்பொருள்களுக்கு இப்படி லேபிள் ஒட்டும் முறைக்குச் சட்ட வடிவம் தந்த நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. அங்கே நீண்ட காலம், விழுங்கினால் மயக்கம், பட்டால் புண் என்று உடனே தெரியும் ஆபத்துகளுக்கு மட்டுமே எச்சரிக்கை அச்சிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் புற்றுநோயும் நரம்புப் பாதிப்பும் கணக்கில் வரவில்லை. மைக்கேல் மெக்கான் 1979-இல் வெளியிட்ட ‘ஆர்ட்டிஸ்ட் பிவேர்’ போன்ற நூல்கள் இக்குறையைச் சுட்டிக்காட்டின. 1988-இல் வந்த சட்டம், ஒவ்வொரு கலைப்பொருளின் சேர்மானத்தையும் நச்சியல் வல்லுநர் ஆராய வேண்டும், நாள்பட்ட தீங்கு உண்டென்றால் அதை லேபிளில் சொல்ல வேண்டும் என்றது. அப்படிப்பட்ட பொருள்களை ஆறாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக வாங்குவதைத் தடுக்கவும் வழிசெய்தது. வேதியியல் அறியாத ஓவியர் தன் உடம்பில் சோதித்து அறிய வேண்டியதைத் தயாரிப்பாளரின் கடமையாக்கிய வகையில் இது பெரிய முன்னேற்றம்.

குறைகள் லேபிளைப் படிப்பதிலேயே தொடங்குகின்றன. பல வண்ணக் குழாய்களில், அந்தச் சட்டம் ஏற்ற லேபிள் விதியைக் குறிக்கும் ‘ஏஎஸ்டிஎம் டி-4236 விதிக்கு உட்பட்டது’ என்ற வரி இருக்கும். பலர் இதைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். முறைப்படி ஆராய்ந்து லேபிள் ஒட்டப்பட்டது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லவில்லை. குழந்தைகளின் நீர்வண்ணத்திலும் அதே வரி, புற்றுநோய் எச்சரிக்கை தாங்கிய காட்மியம் சிவப்பிலும் அதே வரி.

அடுத்தது, ஆராய்பவர் யார் என்பது. சேர்மானம் தொழில் ரகசியம். அதைப் பார்க்கும் வல்லுநருக்குக் கூலி தருபவர் தயாரிப்பாளர். போதிய சோதனைக்கே உட்படாத சாயங்களும் தீங்கு நிரூபணமாகவில்லை என்ற அளவில் நச்சற்றவையாகிவிடுகின்றன என்று கலைக்கூடப் பாதுகாப்பு வல்லுநர் மொனோனா ரொசோல் நெடுநாளாக வாதாடி வருகிறார். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கடையில் விற்ற கிரேயான்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக சியாட்டில் நாளேடு ஒன்று எழுதியது. அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சிலவற்றில் மிகச் சிறு அளவே கண்டது. ஆபத்து மிகக் குறைவு என்றும் சொன்னது. ஆனாலும் சேர்மானத்தை மாற்றச் சொன்னது, நிறுவனங்களும் இசைந்தன. முத்திரைக்குப் பிறகும் வெளியாரின் கண்காணிப்பு தேவை என்பதற்கு இது போதும்.

ஆனால் பெரிய குறை வேறு. லேபிள் பொருளைப் பற்றியே பேசுகிறது. ஆபத்தோ அதைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. அதே காட்மியம் வண்ணத்தைத் தூரிகையால் தீட்டும்போது ஆபத்து குறைவு. காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தாலோ ஏர்பிரஷ்ஷில் பீய்ச்சினாலோ அது நுரையீரலுக்குள் போகும். ஈரக் களிமண் கைக்குச் சாது. உலர்ந்து தரையில் கிடப்பதைத் துடைப்பத்தால் பெருக்கினால் எழும் நுண்தூசியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். ஆளிவிதை எண்ணெய் உண்ணத் தகுந்த விதையிலிருந்து எடுப்பதுதான். அது காயும்போது காற்றோடு வினைபுரிந்து சூடாகும். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்துவைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்பியாவின் 38 மாடி ‘ஒன் மெரிடியன் பிளாசா’ இப்படிப்பட்ட துணிகளால்தான் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தார்கள். லேபிளின் நிலை இதுதான்: மாவுப் பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் எண்ணெய்ச் சட்டிக்கு அது பொறுப்பேற்காது.

கலைப்பொருளாக விற்கப்படாத பொருளுக்கு இந்த லேபிளே கிடையாது. டொராண்டோ சிற்பி ஜில்லியன் ஜென்சர் பல்லாண்டுகள் கடற்சிப்பி ஓடுகளை அறுத்தும் தேய்த்தும் சிற்பம் செய்தார். இயற்கைப் பொருள்தானே என்று இருந்துவிட்டார். நீரிலிருந்து ஓடுகள் உறிஞ்சிச் சேர்த்த உலோகங்கள் தூசியாக அவர் உடலில் ஏறி, நினைவையும் செவியையும் பாதித்தன.

ஆகவே முத்திரை வேண்டாம் என்பதல்ல வாதம். குழந்தை வாயில் வைக்கும் கிரேயானுக்கு அதைவிட எளிய காப்பு இல்லை. கடையில் தேர்வு செய்ய அது உதவும். கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அங்கே பொறுப்பு நடத்துபவருடையது. காற்று எப்படி வெளியேறுகிறது? தரையை ஈரத்துணியால் துடைக்கிறீர்களா, பெருக்குகிறீர்களா? எண்ணெய்த் துணிகளுக்கு மூடியுள்ள உலோகத் தொட்டி உண்டா? வகுப்பில் சேருமுன் இம்மூன்றையும் கேட்க வேண்டும். இவற்றுக்குப் பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில், அலமாரி நிறைய நச்சற்ற வண்ணங்கள் இருந்தாலும், பணம் கட்டாதிருப்பதே மேல்.