மௌனமும் விருப்பமும்: சல்மாவின் நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004 இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கொஞ்ச நாளில் யட்டவத்தயில் வாசிக்கிற நாலைந்து பேருக்குள் ஒரு பிரதி கைமாறித் திரிந்தது. நான் நாற்பது பக்கத்தோடு மூடிவைத்துவிட்டேன். வீட்டு உள்ளறைப் பேச்சைச் சந்திக்குக் கொண்டுவந்த புத்தகம் என்ற அபிப்பிராயம்தான் எனக்கும். 2019 இல், வேறொரு காரணத்தால், அதை முழுதாக வாசித்தேன். அந்தக் காரணத்தைச் சொல்லாமல் இதை எழுத ஏலாது. சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டு, அவள் “எழுதுங்க” என்ற பிறகே எழுதுகிறேன்.

மர்ஹூம் நானாவின் மகளுக்கு நான்தான் வலி. மாப்பிள்ளையின் விபரமும் படமும் வாட்ஸ்அப்பில் வந்தன. தொழுகை இருக்கு, கடை இருக்கு, சிகரட் இல்ல. பெண்கள் நிறைந்த அறையில் வைத்து, “மகள், விருப்பம்தானே?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்தாள். பதில் கிடைத்துவிட்டது என்று எழும்பி வந்தோம். 2018 இல் நிக்காஹ். பதிவில் மஹ்ர் எவ்வளவு என்று எழுத இடமிருந்தது, மாப்பிள்ளையும் நானும் ஒப்பமிட இடமிருந்தது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எங்கள் மணமகளிடம் ஒப்பம் கேட்கவில்லை. அச்சட்டத்தை ஆராய 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையைக் கையளித்ததும் அதே 2018 இல்தான்.

எட்டு மாதத்தில் பிள்ளை திரும்பி வந்தாள். “அவர்ல ஒரு பிழையுமில்ல சாச்சா. நல்ல மனிசன். எனக்கு ஏலாது, அவ்வளவுதான்.”

“குறையொண்டும் இல்லாட்டி என்னத்துக்கு ஏலாது?”

நான் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் நாவலுக்குத் திரும்பிப் போனேன்.

நாவலில் பிர்தவ்ஸ் முதலிரவிலேயே புருஷனிடம், உன்னோடு வாழமாட்டேன், தொடாதே என்று சொல்லிவிடுகிறாள். 2004 இல் இதை நான் திமிர் என்று வாசித்தேன். இப்போது வாசிக்கையில், அந்த வீடுகளில் ஒரு பெண் தன் உடலைப் பற்றித் தானாகச் சொல்லும் நேரடியான வசனம் அதுவாகத்தான் தெரிகிறது. கல்யாணம் முடித்த பெண்கள் கூடியிருந்து பச்சையாகக் கேலி பேசும் பக்கங்கள் அந்நாவலில் ஏராளம். எமது கல்யாண வீடுகளிலும் அப்படித்தானே? குமரைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு விடயத்தை, அது யாருக்கு நடக்கப் போகிறதோ அவளுக்கு மட்டும் மறைக்கிறோம். ஆண்களின் ஆசை அந்த ஊரில் பழக்கம் என்று கடந்துபோகிறது, பெண்ணின் ஆசை மட்டும் குற்றமாகிறது. சல்மா இதைப் பிரசங்கமாக்காமல், சிறுமி ராபியா பார்த்தும் பாதி விளங்கியும் விளங்காமலும் நிற்பதாக எழுதிய இடங்கள்தான் நாவலின் பலம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பிர்தவ்ஸுக்கு வேண்டாதது எது என்பதை சல்மா துல்லியமாக எழுதுகிறார். அவள் எதை விரும்பினாள் என்று வரும்போது எழுத்து தயங்குகிறது. சிவா ஒரு மனிதனாக எழும்பி வரவில்லை, கதவுக்கு அப்பால் நிற்கும் ஒரு நிழலாகவே நிற்கிறான். மறுப்புக்கு இருக்கும் மொழி விருப்பத்துக்கு இல்லை. இது சல்மாவுடைய குறையா, எமது தமிழுடைய குறையா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

இந்த இடத்தில் எமது மூலங்களைப் பார்ப்பது அவசியம். கன்னியின் மௌனமே அவளது அனுமதி என்ற ஹதீஸை எல்லோரும் அறிவோம். அது அவளுடைய வெட்கத்தை மதித்துத் தரப்பட்ட சலுகை. மௌனத்தோடு அழுகை வந்தால் என்ன, சிரிப்பு வந்தால் என்ன என்று பிக்ஹ் அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். அதாவது மௌனத்தை வாசிக்க வேண்டும். நான் வாசிக்கவில்லை. ஷாபிஈ மத்ஹபில் நிர்ப்பந்திக்கும் அதிகாரம் தகப்பனுக்கும் பாட்டனுக்கும்தான், சாச்சாவுக்கு அதுகூடக் கிடையாது.

ஸாபித் பின் கைஸ் (ரழி) அவர்களின் மனைவி நபியவர்களிடம் வந்து சொன்னதும் இதுதான்: குணத்திலும் மார்க்கத்திலும் குறை காணவில்லை, ஆனாலும் வாழ முடியாது. நபி (ஸல்) அவர்கள் என்னைப் போல் குறுக்கு விசாரணை செய்யவில்லை. மஹ்ராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்றுதான் கேட்டார்கள். விடுதலையான பரீரா (ரழி) தன் கணவர் முகீஸை விட்டு விலகியபோது, அவர் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாத் தெருக்களில் அவர் பின்னால் திரிந்தார். நபியவர்கள் சேர்ந்து வாழும்படி சொன்னபோது, இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றுவிட்டார். புகாரியில் இருக்கும் இச்செய்தியில் முகீஸின் ஆசை உண்மையானது, கண்ணீரும் உண்மையானது. அதனால் அவருக்கு பரீராமீது ஓர் உரிமையும் பிறக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் திருமண ஒழுக்கங்கள் பகுதியில், மனைவியின் தேவை நிறைவேறும்வரை கணவன் பொறுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதே பகுதியில் திருமணம் பெண்ணுக்கு ஒருவகை அடிமைத்தனம் என்றும் எழுதுகிறார்கள். எமது நிக்காஹ் பயான்களில் இரண்டாவதன் சாயலைக் கேட்டிருக்கிறேன், முதலாவதை ஒருபோதும் கேட்டதில்லை.

தாங்களே தெரிவு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் இளம் பிள்ளைகள். ஆறு மாதம் போனில் பேசிக் கல்யாணம் முடித்த பிள்ளைகளும் காதி நீதிமன்றத்து வாங்கில் குந்தியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒக்ஸ்போர்ட் தத்துவப் பேராசிரியை அமியா சீனிவாசன் 2021 இல் வெளியிட்ட நூலில், உடலுறவுக்கு எவருக்கும் உரிமை கிடையாது என்கிறார். கூடவே, நாம் எதை விரும்புகிறோம் என்பதையே சமூகம் முன்கூட்டி வடித்துத் தருகிறது என்றும், ‘ஆம்’ கிடைத்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது என்றும் வாதிடுகிறார். எங்கட வாட்ஸ்அப் விபரக்கொத்தைப் பார்த்தால் விளங்கும்: நிறம் வெள்ளை, உயரம் இவ்வளவு. விருப்பம் என்று நாங்கள் நினைப்பதில் பாதி அந்தப் பட்டியல்தான். சம்மதத்தை ஒரு நாளில் கொடுக்கலாம், ஒப்பமிட்டுப் பூட்டி வைக்கலாம். விருப்பம் அப்படிப்பட்ட சாமான் இல்லை. ஒவ்வொரு இரவும் அது புதிதாக வரவேண்டும், வராமலும் போகலாம்.

பிள்ளைக்குக் குல்உ கிடைத்தது. போன மாதம் இன்னொரு சம்பந்தம் வந்திருக்கிறது. இம்முறை அறையில் வேறு யாரும் இல்லாமல் கேட்டேன்.

“யோசிச்சுச் செல்றேன் சாச்சா” என்றாள்.

மூன்று கிழமையாகிறது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள்.