மூன்று சில்லில் ஒரு குடித்தனம்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்புப் பக்கம் எங்கள் கிரான் சந்தியில் வாடகை ஓட்டோக்கள் தென்படும். ஓட்டுவது வெள்ளைக்காரப் பெண். பின்சீற்றில் பைகளுக்கு நடுவே புருஷன். பாசிக்குடாவுக்குப் போகிற சோடிகள். தங்கள் ஊரில் கட்டிலும் குசினியும் உள்ள வாகனத்தில் கோடையைக் கழிப்பவர்கள். எங்கள் ஏ15 வீதிக்கு ஓட்டோதான் தோது என்பேன். பக்கம் இரண்டும் திறப்பு. வயல்காற்றும் கருவாட்டு மணமும் கேளாமலே உள்ளே வரும்.

இடக்கைப் பிடியைப் பாருங்கள். கிளச்சை அமத்திக்கொண்டு அந்தப் பிடியையே முறுக்கினால்தான் கியர் மாறும். கார் ஓட்டிப் பழகிய கை இதில் திணறும். மாடு குறுக்கே வந்தால் இன்னும் மோசம். எங்கள் மாடுகள் ஹோர்னுக்கு அசைகிற சாதியில்லை.

தெற்கே போனால் கல்லடியில் 1924 இல் திறந்த இரும்புப் பாலம். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த மட்டக்களப்புக் கோட்டை. வடக்கே வாகரை, வெருகல். பார்க்க வேண்டியவைதான். ஆனாலும் ஓட்டோவின் அருமை நினைத்த இடத்தில் நிற்பதில் இருக்கிறது. தயிர்ச்சட்டி அடுக்கிய கடையைக் கண்டால் ஓரங்கட்டி, இறங்காமலே விலை பேசலாம். குலுங்குகிற வண்டியில் சட்டியை மடியில் காப்பது புருஷன் பாடு.