உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதித் தெருக்களில் இரவு எட்டு மணிக்கு நடந்து சென்றால், பல வீடுகளின் தொலைக்காட்சி ஒலி வாசல்வரை கேட்கும். ஆயினும் பெட்டிக்கு எதிரிலேயே அமர்ந்திருக்கும் பெரியவர், "இப்போ என்ன சொன்னா?" என்று வினவுவார். அவருக்குக் காது மந்தம் என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நாளடைவில் அவர் கேட்பதையே நிறுத்திவிடுகிறார். குற்றம் முழுவதும் காதினுடையதுதானா?

பேச்சில் உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்குறிகளில் பல 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலும், அதற்கு மேலும் இருக்கின்றன; அவற்றின் வலிமையும் குறைவு. முதுமையில் உட்செவியின் மயிர்ச்செல்கள் நலியும்போது, உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறனே முதலில் தேய்கிறது. கடை, சடை, தடை, படை, வடை ஆகிய சொற்களுக்கிடையே வேற்றுமை முதல் மெய் ஒன்றுதான். அது நழுவினால் ஐந்துமே 'அடை'யாகிவிடும்!

இந்த மெலிந்த மெய்யொலிகளின் மீதுதான் நமது தொடர் நாடகங்கள் முரசு கொட்டுகின்றன. மாமியார் வாய் திறந்தால் இடி; மருமகள் திரும்பினால் வயலின். தாழ்ந்த அதிர்வெண் ஒலி பலமாக இருந்தால், தன்னைவிட உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை மறைக்கும். ஒலியைக் கூட்டினாலும் பயனில்லை. வசனம் 10 டெசிபல் உயர்ந்தால் இசையும் 10 டெசிபல் உயர்கிறது, இடைவெளி மாறுவதில்லை. ஒலிக்கலவை செய்பவர் வசனத்தைப் பலமுறை கேட்டவர். அவருக்கு எல்லாம் புரியும். முதல் முறை கேட்பவருக்கு அல்ல.

1975 ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னாளில் அதில் ஷோபனா ரவி செய்தி வாசித்தபோது ஒரு குரல் மட்டுமே ஒலித்தது. குறுக்கே இசை இல்லை. அன்றைய பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கி முன்புறம் இருந்தது. இன்றைய தட்டைப் பெட்டிகளிலோ அது பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ உள்ளது. ஒலி சுவரிலும் தரை ஓட்டிலும் மோதிச் சிதறி வருகிறது. மின்விசிறி இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2019-இல் பிரிட்டனின் பி.பி.சி. ஒரு தொடரின் ஒரு பகுதியில், பின்னணி ஒலியை நேயரே குறைத்துக்கொள்ளும் வசதியைச் சோதித்தது. நம் நாட்டிலேயே 1999-இல் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி ஒன்றில் அதே மொழியில் வரிகள் திரையில் ஓடின. செவித்திறன் குறைந்தோருக்கான தொலைக்காட்சி விதிமுறைகளை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது. தமிழ்த் தொடர்களுக்குத் தமிழிலேயே எழுத்து வரிகள் தருவது இயலாத காரியமல்ல; இசையைச் சற்று அடக்குவதற்குச் செலவே இல்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பெட்டியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சிறு ஒலிபெருக்கி ஒன்றைப் பெரியவரின் அருகில் வையுங்கள்; திறந்த வெளியில் தூரம் பாதியானால் நேரொலி 6 டெசிபல் கூடும், அறையிலும் எதிரொலியை விட நேரொலி ஓங்கும். கனத்த திரைச்சீலை எதிரொலியைக் குறைக்கும். காது மருத்துவரிடம் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஆனால் சோதனைக்குரியது பெரியவரின் காது மட்டுமல்ல, தொடர்களின் ஒலிக்கலவையும்தான்.