மாதரி ஏற்ற அடைக்கலமும் கமுதித் தீர்ப்பும்

சிலப்பதிகாரத்தைப் பாராட்டுவோர் நாட்டிலே நிரம்ப உண்டு. கண்ணகியின் சிலம்பு ஒலிக்காத இலக்கிய மேடை இல்லை. பாண்டியன் அவையிலே அவள் வழக்குரைத்ததை எழுச்சி பொங்க எடுத்துரைப்பர்; மன்னன் அரியணையிலேயே மயங்கி வீழ்ந்து மாண்டதைச் சொல்லி நா தழுதழுப்பர். ஆனால் வழக்குரை காதைக்கு ஐந்து காதை முன்னே நிற்கிற அடைக்கலக் காதையைப் பற்றிப் பேசுவோரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாடம் நடத்தும் நம் ஆசிரிய நண்பர்களும் அதைக் கதைக்கு ஒரு பாலம் என்ற அளவில் கடந்துவிடுகிறார்கள். பிறர் பொருட்டுப் பொறுப்பேற்றவன் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்ற கேள்வியை, தமிழ்க் காப்பியங்களில் இந்தக் காதையைப்போல் வேறெதுவும் நெருங்கி நின்று ஆராயவில்லை என்பது நம் கருத்து. அது ஆட்டிடைச்சேரிக் கதையாக முடிந்துவிடவில்லை. மதுரையின் கோயில் வாயில்வரை வருகிறது. அதனால்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம். மதில் சூழ்ந்த மதுரைக்கு வெளியே புறஞ்சேரி. கோவலன் நகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியிருக்கிறான். கதிரவன் சாயுமுன் நகருக்குள்ளே போ, உன் குலத்து வணிகர் உன்னை ஏற்றுக்கொள்வர் என்று மாடலனும் கவுந்தியடிகளும் முதலில் அறிவுரை கூறுகின்றனர். குலம் குலத்தைத்தான் காக்கும் என்ற பழைய கணக்கு! அந்த வேளையில், இயக்கிக்குப் பால்மடை செய்துவிட்டு ஆயர் முதுமகள் மாதரி அவ்வழியே வருகிறாள். அவளைக் கண்டதும் கவுந்தியின் கணக்கு மாறுகிறது. பசுவைக் காத்துப் பயன் கொடுத்து வாழ்கிறவர்களின் வாழ்விலே கொடுமை இல்லை என்று எண்ணி, கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தருகிறார். வணிகர் மாளிகைகளை விட்டுவிட்டு, மதிலுக்கு வெளியே கண்ட பால்காரப் பெண்மணியைப் பொறுப்பாளியாகத் தேர்ந்தெடுத்தார் அந்தச் சமணத் துறவி. குலத்தைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்த்தார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அடைக்கலமாகப் போகிறவளுடைய இசைவைக் கேட்டதாகக் காப்பியம் சொல்லவில்லை. உயிருள்ள பெண்ணைக் கைமாற்றும் பொருளாக வைத்துப் பேசும் அந்தக் காலத்துப் பார்வையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பை ஏற்ற மாதரி எப்படி நடந்துகொண்டாள் என்பதிலே கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

தன் வீட்டுத் திண்ணையில் ஓர் இடம் கொடுத்துவிட்டு அவள் ஓயவில்லை. காவலமைந்த தனி மனை ஒன்றை ஒதுக்கித் தருகிறாள். தன் மகள் ஐயையைத் துணையாக்குகிறாள். வந்தவர்கள் சாவக நோன்பு உடையவர்கள், பகலிலேயே உண்ண வேண்டியவர்கள் என்பதை அறிந்து, அதற்கேற்ற அரிசியும் காயும் கலங்களும் காலம் தாழ்த்தாமல் கொடுக்கச் செய்கிறாள். தன் சேரியின் வழக்கத்தை அவர்கள்மீது சுமத்தவில்லை. அவர்களுடைய தேவை என்னவென்று அறிந்து அதைச் செய்தாள். நுணுக்கமான இடம் இது. உரை சொல்வோர் இதை விருந்தோம்பல் என்ற ஒரு சொல்லிலே அடக்கிவிடுகிறார்கள். விருந்தோம்புபவர் தம்மிடம் உள்ளதைத் தருவார். பொறுப்பேற்றவரோ எதிரே நிற்பவருக்கு வேண்டியதைத் தந்தாக வேண்டும்.

இனி சட்டப் புத்தகத்தைத் திறப்போம். இந்திய டிரஸ்டுகள் சட்டம் 1882-இல் பிறந்தது. ஒருவர் நம்பிக் கொடுக்கிறார், மற்றொருவர் ஏற்கிறார், பயனோ மூன்றாமவருக்கு. இந்த மூவர் உறவுதான் டிரஸ்டு. ஏற்றவர் முதலில் தம்மிடம் வந்த பொருளின் நிலையை நேரில் அறிந்துகொள்ள வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. தம் சொந்தப் பொருளை எவ்வளவு கருத்தோடு காப்பாரோ அவ்வளவு கருத்தோடு காக்க வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும். தம் வேலையைப் பிறர் தலையில் கட்டக்கூடாது. அந்தப் பொருளால் தாம் ஆதாயம் தேடக்கூடாது. இந்த ஏட்டை ஒரு கையிலும் மதுரைக் காண்டத்தை மறு கையிலும் வைத்துப் படித்தால், நெடுஞ்செழியனின் குற்றம் புதிய வெளிச்சத்திலே தெரிகிறது. குடிமக்களின் உயிர் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அவன் விசாரித்து அறியவில்லை. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேலையைக் காவலர் கை வாளிடம் ஒப்படைத்துவிட்டான். திருடியவனே சாட்சி, ஏவப்பட்டவனே நீதிபதி! அவன் வீழ்ந்தது ஊழ்வினையால் என்று இளங்கோ சொல்லட்டும். கடமையை மறந்து, கைமாற்றி விட்டதால் வீழ்ந்தான் என்று நாம் சொல்கிறோம்.

மாதரியோ சட்டத்தின் முன்னே குற்றமற்றவள். அவள் வையையிலே நீராடப் போயிருந்த நேரத்தில் செய்தி வருகிறது. செய்ய வேண்டிய அத்தனையும் அவள் செய்திருந்தாள். எந்த மன்றமும் அவளைத் தண்டித்திருக்காது. இருந்தும் அடைக்கலத்தை இழந்தேனே என்று அவள் தீயில் பாய்ந்ததாக மாடலன் பின்னர்ச் சேரனிடம் சொல்கிறான். அந்தத் தீக்குளிப்பை நாம் போற்றவில்லை. உயிரை மாய்த்துக்கொள்வது எந்த இழப்பையும் ஈடு செய்யாது. சாக்குச் சொல்ல ஆயிரம் வழி இருந்தும் அவள் ஒன்றைக்கூடத் தேடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

மதுரைக்குத் தென்கிழக்கே கமுதி. அங்கே ஒரு மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். 1897-இல் ஊர் அப்பொழுதைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. கோயிலோ இராமநாதபுரம் சேதுபதியின் பரம்பரைப் பொறுப்பிலே இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நாடார்கள் சிலர் அக்கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். வாணிகத்திலே வளர்ந்து ஊருக்கு உயிராய் நின்ற மக்கள் அவர்கள். ஆயினும் வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டிய சாதி என்று வைதிகம் முத்திரை குத்தியிருந்தது. மதுரைச் சார்பு நீதிமன்றத்திலே சேதுபதி தரப்பு வழக்குத் தொடுத்தது. இனி அவர்கள் நுழையக்கூடாது. தீட்டுக் கழிக்கும் சடங்கின் செலவையும் அவர்களே தரவேண்டும் என்று கேட்டது. 1899-இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக வந்தது. அதே ஆண்டில்தான் சிவகாசி பற்றி எரிந்தது.

மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு திருப்பம். பாஸ்கர சேதுபதி நாடார்களோடு சமரசத்துக்கு இசைந்தார். 1893-இல் விவேகானந்தர் சிக்காகோ செல்லத் துணை நின்றவர் அவர். அவர் இசைந்ததற்கு மனமாற்றம் காரணமா, பணநெருக்கடி காரணமா என்று ஆராய்வது நம் வேலையன்று. கோயிலின் பொறுப்பாளியே கதவைத் திறக்கத் தயார் என்றார். நாம் கவனிக்க வேண்டியது அதைத்தான். நீதிமன்றம் என்ன சொன்னது? திறக்கக் கூடாது என்றது! 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. வழக்கப்படி உள்ளே வர உரிமையில்லாதவரை உள்ளே விட ஒப்புக்கொள்ளும் டிரஸ்டி, நம்பிக்கைத் துரோகம் செய்தவராவார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் படிக்கிற எவருக்கும் அதன் தருக்கம் முதலில் பழுதற்றதாகத் தோன்றும். ஒரு கூட்டத்தாருக்காக ஒப்படைத்த பொருளை வேறொரு கூட்டத்தாருக்குக் கொடுப்பது துரோகம், மறுக்க முடியுமா? முடியாது. அனாதைக் குழந்தைகளுக்கென வைத்த பணத்தைப் பொறுப்பாளி தம் மைத்துனருக்குக் கொடுத்தால் சும்மா விடுவோமா? ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தார் யார் என்பதை யார் முடிவு செய்தார்கள்? பழைய கோயில்களில் மிகப் பலவற்றுக்கு, இன்னாருக்காக என்று எழுதி வைத்த பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாத இடத்திலே வழக்கத்தையே பத்திரமாகச் சட்டம் எடுத்துக்கொண்டது. வழக்கம் எப்படி வந்தது? விரட்டியவர்கள் விரட்டிக்கொண்டே இருந்ததால் வந்தது. நூறாண்டு விரட்டினால் அது வழக்கம். வழக்கமானால் அது சட்டம். சட்டமானால், விரட்ட மறுப்பது துரோகம்! மாதரி அடைக்கலமாக வந்தவளின் தேவையைக் கேட்டாள். பிரிவி கவுன்சிலோ வாயிலில் நிற்பவனைக் கண்ணெடுத்தும் பாராமல் உள்ளே இருப்பவர்களின் பழக்கத்தைக் கேட்டது.

இதிலே வேடிக்கை ஒன்றும் உண்டு. சட்டத்தின் கண்ணிலே கோயில் தெய்வம் சொத்துரிமையுள்ள ஓர் ஆள். அதுவும் என்றைக்கும் வயதுக்கு வராத ஆள். உலகத்தையே காப்பதாகச் சொல்லப்படும் கடவுளுக்கு மனிதரில் ஒரு காப்பாளர் வேண்டும்! 1882-ஆம் ஆண்டுச் சட்டமோ, சமய அறங்கள் என் எல்லைக்குள் வாரா என்று முதற் பிரிவிலேயே ஒதுங்கிக்கொண்டது. மடத் தலைவரும் கோயில் மேலாளரும் ஆங்கிலச் சட்டம் கூறும் டிரஸ்டிகள் அல்லர் என்று 1921-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. ஆனாலும் சீர்கெட்ட நிர்வாகத்துக்குப் பொதுப்பொருளில் டிரஸ்டியைப் போலவே அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்டு வாங்க ஓர் அமைப்பு வேண்டும் என்று பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி இந்து சமய அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், மதத்தில் தலையீடு என்று அதை எதிர்த்து எழுந்த கூச்சலும் நம் தோழர்கள் அறிந்த வரலாறு.

கமுதித் தீர்ப்பின் நிழல் முப்பத்தோராண்டு நீண்டது. 1939 சூலை 8. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத அய்யர், தாழ்த்தப்பட்ட தோழர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றார். ஐவருள் ஒருவர் பின்னாளில் அமைச்சரான கக்கன். கோயில் நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்தனர். 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, நாயுடு செய்தது என்ன? நம்பிக்கைத் துரோகம்! வழக்கு மன்றத்தில் அவரை நிறுத்த வைதிகர்களிடம் பிரிவி கவுன்சிலின் ஆயுதம் தயாராக இருந்தது. அதனால்தான் ஆச்சாரியார் அமைச்சரவை விரைந்து அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று; அதே ஆண்டில் முழுச் சட்டமும் வந்தது. கட்டாய இந்தியைத் திணித்து நம் இயக்கத்தாரைச் சிறையில் அடைத்த அமைச்சரவைதான் அது. ஆயினும் சரியானதைச் செய்ததைச் சரி என்று சொல்வதிலே நமக்குத் தயக்கமில்லை.

அந்தச் சட்டத்தின் பெயரையும் உள்ளடக்கத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டும். கோயில் நுழைவுக்கு அனுமதியும், அனுமதித்தவர்களுக்கு வழக்கிலிருந்து காப்பும் அளிக்கும் சட்டம் என்பது அதன் பெயர். கதவைத் திறந்தவருக்கு மன்னிப்புச் சீட்டு வேண்டியிருந்தது. மூடி வைத்திருந்தவரிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. உள்ளடக்கமோ இன்னும் மெலிவு. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று டிரஸ்டி கருதினால், அரசின் ஒப்புதலோடு திறந்துவிடலாம் என்றது. திறந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. உள்ளே இருப்பவரின் முகம் கோணாவிட்டால்தான் வெளியே நிற்பவருக்கு உரிமை! 1947-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்தத் தயவைத் தள்ளிவிட்டு நுழைவை உரிமையாக்கியது.

கோயிலே வேண்டாம் என்கிற நாம் கோயில் நுழைவைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று கேட்கும் இளைஞர் இருப்பர். கேட்கத்தான் வேண்டும். கோயில் என்பது கல்லும் சிலையும் மட்டுமன்று. வையைக் கரை வயல்கள், நகரத்துக் கடைகள், மண்டபங்கள், குளங்கள் என்று எத்தனையோ தலைமுறையின் உழைப்பு அதன் பெயரிலே குவிந்து கிடக்கிறது. அது பொதுப் பொருள். ஆண்டவன் இல்லை என்பவனுக்கும் அந்தப் பொதுப் பொருளை யார் ஆள்கிறார்கள் என்று கேட்கும் உரிமை உண்டு.

இன்றைய ஏற்பாடு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகையோ நில விற்பனையோ ஆணையரின் ஒப்புதல் இன்றிச் செல்லாது. அரசு அமைக்கும் அறங்காவலர் குழுவிலே ஒருவர் ஆதி திராவிடராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மதிலுக்கு வெளியே நின்றவளைக் கவுந்தி தேர்ந்தெடுத்ததற்கு, இத்தனை நூற்றாண்டு கழித்துச் சட்டம் எழுதியிருக்கிற உரை இது என்று நாம் மகிழலாம். ஆனால் அதே சட்டம் பரம்பரை அறங்காவலரையும் விட்டு வைத்திருக்கிறது. கமுதி வழக்கிலே சமரசத்துக்கு இசைந்த பாஸ்கர சேதுபதி 1903-இல் மறைந்தார். 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தலைப்பிலே இருக்கும் பெயர் அவருடைய மைந்தர் இராசராசேசுவரருடையது. தந்தை இறக்கி வைக்க முனைந்த வழக்கு, கோயிற்பொறுப்போடு சேர்ந்து மகனுடைய தலைக்கு மாறிற்று. காப்பியத்திலும் ஒரு மகள் இருக்கிறாள். மாதரி மறைந்தபின் ஐயையிடம் எவரும் எந்த அடைக்கலத்தையும் உரிமையென்று ஒப்படைக்கவில்லை.