பூண்டெண்ணெயின் நிறம்

அத்தோ செய்ய உட்கார்ந்தால் முதல் கவனம் நூடுல்ஸுக்கு அல்ல, பூண்டுக்கு. பல்லை நீளவாக்கில் ஒரே கனமாகச் சீவி, காயாத கடலெண்ணெயில் போட்டு, சிறு தீயில் வைக்க வேண்டும். எண்ணெய் சூடேற ஏற ஓரங்களில் நுரை கட்டும். முதலில் பச்சை நெடி எழும். அது அடங்கியதும் தித்திப்பான ஒரு மணம் கிளம்பும். சீவல்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததுமே அரித்துவிட வேண்டும். நன்றாகச் சிவக்கட்டும் என்று விட்டால், தட்டில் ஆறுவதற்குள் தன் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும். மிஞ்சிய எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். அந்த மஞ்சள் எண்ணெய்தான் அத்தோவின் உயிர்.

பர்மாவின் இந்த உணவு சென்னைக்கு வந்த வழி துயரமானது. 1962-இல் அந்நாட்டு ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக ரங்கூனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. பலர் வியாசர்பாடியில் குடியேறினார்கள். ராஜாஜி சாலை ஓரத்தில் பர்மா பஜார் உருவானது. அதை ஒட்டிய செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோக் கடைகள் வந்தன. ஆவடிக்குப் பக்கத்திலுள்ள கோவில்பதாகைக்காரர்களுக்கு அது எட்டாத இடமல்ல. ஆவடியில் பீச் வண்டி ஏறினால் வழியில் வியாசர்பாடி ஜீவா நிலையம்; கடைசியில் இறங்கினால் பக்கத்திலேயே பஜார்.

அந்தக் கடைகளில் பார்க்க வேண்டியது கலக்கும் கை. நூடுல்ஸ், மயிரிழையாய் அரிந்த முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, எண்ணெயும் புளியும் விட்டு, “காரம் தூக்கலா போடவாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே விரல்களை விரித்துப் பிசைவார்கள். அழுத்திப் பிசைவதில்லை, அடியிலிருந்து தூக்கித் தூக்கி விடுவார்கள். ஒரு இழையும் அறுவதில்லை, ஒரு இழையும் வெளுத்து நிற்பதில்லை. கரண்டியால் இது வராது. வீட்டிலும் கையால்தான் கலக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்கும்போது எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வேற்று நாட்டுச் சமையல் என்கிறோம், ஆனால் அதற்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை கோவில்பதாகையின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். நமக்குப் பழகிய பொருள்கள்தாம். நாம் பழக்காத வேலையைச் செய்கின்றன.

புளியைப் பாருங்கள். சாம்பாரோ வத்தக்குழம்போ, பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுவதுதான் நம் வழக்கம். அத்தோவில் புளிக்கரைசல் அடுப்பையே காண்பதில்லை. கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, அப்படியே ஊற்றுகிறோம். கொங்குப் பக்கத்துப் பச்சைப்புளி ரசத்தை அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு விநோதமாகத் தோன்றாது. பச்சைப் புளியின் கூர்மையைப் பூண்டெண்ணெய் மழுக்கிவிடுகிறது; நாக்கில் முதலில் எண்ணெயின் வழுவழுப்பு, அதன் பின்னால் ஒரு நொடி தாமதித்துப் புளிப்பு. அந்தத் தாமதம் அழகு.

அடுத்தது பொட்டுக்கடலை. சட்னியில் அரைபடுவதும் குருமாவைக் கெட்டியாக்குவதும் அதன் வேலை என்று நினைத்திருந்தோம். இங்கே அதை லேசாக வறுத்து, மாவாக்கி, கலவையின்மேல் உலர்ந்தபடியே தூவ வேண்டும். கிண்ணத்தின் அடியில் தேங்கும் புளியையும் எண்ணெயையும் அது குடித்து, இழை ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஒரு கரண்டி கூடினால் மாவு தொண்டையை அடைக்கும். குறைந்தால் புளித்தண்ணீர் தனியே ஓடும். வறுத்துக் கொரகொரப்பாக இடித்த மிளகாய் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொள்வதால், காரம் ஒரே வாயில் திரண்டு வராமல் பரவலாக வருகிறது.

பர்மாவில் அத்தோவுக்கு மீன் சாறும் உலர்ந்த இறால் பொடியும் சேர்ப்பார்கள். மீன் சாறு நம் வீட்டில் இருக்காது. சென்னாகுன்னி என்கிற உலர்ந்த குட்டி இறாலை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தால், கடல் மணத்துக்கு அது போதும். அரை கரண்டிக்கு மேல் போடக் கூடாது. தக்காளி சாஸ் விடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை, புளியின் இடத்தில் வேறொரு இனிப்புப் புளிப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

பக்கத்தில் வாழைத்தண்டு சூப் இல்லாமல் அத்தோ நிறைவதில்லை. பர்மியரின் மொய்ங்காவில் மீன் குழம்போடு தண்டு வேகும். சென்னைக் கடைச் சூப்பில் அதன் சாயல் தெரிகிறது. தண்டை வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமலிருக்க மோர்த்தண்ணீரில் போடும் வரை எல்லாம் நம் வீட்டுப் பொரியல் வேலைதான். அதன்பின் பூண்டு, மிளகு, கரைத்த பொட்டுக்கடலை மாவு சேர்த்துக் கொதிக்கவிடும்போது பாதை பிரிகிறது. மாவு சூப்புக்கு உடம்பு தருகிறது. தண்டு நறுக்கென்று கடிபடுகிறது. புளிப்பும் காரமுமாய் இருக்கும் வாய்க்கு இந்தச் சூடான, சற்றே சப்பென்ற மடக்கு எவ்வளவு இதம்!

அத்தோவின் மேல் பேஜோ என்கிற மொறுமொறுப்பான பலகாரத்தைக் கடைசியில்தான் நொறுக்கிப் போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் மெல்லிய தட்டை போதும். புளி ஊறிப் பாதி இளகி, பாதி இன்னும் நொறுங்குகிற நிலை சில நிமிடங்களே இருக்கும். அதனால் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகே கலப்பது நல்லது.

கொஞ்சம் பூண்டும் பொரித்த வெங்காயமும் முன்பே எடுத்து வைத்திருந்தால் முட்டை பேஜோவும் செய்துவிடலாம். அவித்த முட்டையைக் கீறி, இரண்டையும் உள்ளே அடைத்து, மிளகாயும் உப்பும் தூவி, புளிக்கரைசலும் பூண்டெண்ணெயும் ஒரு சொட்டுக் கூடுதலாகவே விடுங்கள். மஞ்சள் கரு அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். வெட்டிச் சாப்பிட வேண்டாம். முழுசாக ஒரே வாய்.