எந்தக் கட்டையை வாங்குவது?

மூன்று வயதுக் குழந்தைக்கு பில்டிங் பிளாக்ஸ் வாங்கப் போனால், கடைக்காரர் எடுத்துப் போடும் பெட்டிகள் எல்லாவற்றிலும் படைப்பாற்றலை வளர்க்கும் என்றே அச்சிட்டிருக்கிறது. பீரங்கி வண்டி செய்யும் பெட்டியிலும் அதே வாசகம்தான். வாங்குகிறவருக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதை வைத்துக் குழந்தை சொந்தமாக எதையாவது செய்யுமா? இது அடிதடியைப் பழக்கிவிடுமா? இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதே வழக்கம். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத் தெரிகிறது. குழந்தையின் கைக்கு வருமுன்பே அந்தப் பொம்மை எவ்வளவு தீர்மானித்துவிட்டது என்று பார்த்தால் போதும். இரண்டுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

கட்டைகளைக் கல்விக் கருவியாக முறைப்படுத்தியவர்களில் முன்னோடி, ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். 1840-இல் கிண்டர்கார்டன் என்ற பெயரைத் தந்தவரும் அவரே. ‘பரிசுகள்’ என்று அவர் அழைத்த வரிசையில் மூன்றாவது, ஒரு சிறு மரப்பெட்டிக்குள் அடங்கும் எட்டுக் கனசதுரங்கள். கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட்டின் தாய் 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இவற்றைப் பார்த்து மகனுக்கு வாங்கித் தந்த கதை, மரக்கட்டை விற்கும் எல்லோரும் சொல்வது. ஒரு மேதையின் வாழ்க்கையிலிருந்து ஒரு பொம்மைக்குச் சான்றிதழ் தர முடியாது. அதே கட்டையை அடுக்கிய ஆயிரக்கணக்கான குழந்தைகள் ரைட் ஆகவில்லை. விற்பவர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. ஃப்ரோபெல் முறையில் எட்டுக் கட்டைகளையும் பயன்படுத்தியே ஆக வேண்டும். கலைத்துப்போட்டுப் புதிதாகத் தொடங்கக் கூடாது. இருக்கும் வடிவத்தையே நகர்த்தி நகர்த்தி அடுத்த வடிவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டை எளிமையானதுதான், ஆனால் முடிவெடுக்கும் உரிமை அதை வைத்துப் பாடம் நடத்தியவர் கையில் இருந்தது.

அந்த உரிமையைக் குழந்தைக்கு மாற்றிக் கொடுத்தவர் கரோலின் பிராட். மரவேலை படித்த ஆசிரியை. 1914-இல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய பள்ளி, சிட்டி அண்ட் கன்ட்ரி ஸ்கூல் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. அவருடைய ‘யூனிட்’ கட்டையின் கனம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்தவை. இதன் பாதி ஒரு கட்டை, இரு மடங்கு ஒரு கட்டை, நான்கு மடங்கு ஒரு கட்டை. வண்ணம் கிடையாது, படம் கிடையாது, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கொக்கியும் கிடையாது. கொக்கி இல்லாததைத்தான் நான் மிகப் பெரிய சிறப்பாக நினைக்கிறேன். அடுக்கியது நிற்க வேண்டுமென்றால் பாரம் எங்கே இறங்குகிறது என்பதைக் கையே கண்டுபிடிக்க வேண்டும். பாலத்துக்கு மேற்கட்டை எட்டவில்லை என்றால் தூணை நகர்த்த வேண்டும், இல்லையேல் நீளக் கட்டை தேட வேண்டும். நீளக் கட்டை தீர்ந்துவிட்டதா, இரண்டு அரைக் கட்டைகளை ஒட்டி வைத்து அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பின்னம் விரலுக்குப் பழகிவிடுகிறது. பிராட் இந்த வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கவில்லை. ஆகவே யாரும் அறுத்துக்கொள்ளலாம்.

இனி லெகோ. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரப்பொம்மையோடு தொடங்கிய நிறுவனம் இது. மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற இன்றைய அமைப்புக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. பொருளாக மட்டும் பார்த்தால் இதைவிட நேர்த்தியான பொம்மை குறைவு. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறத் துண்டுகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம். அப்படியிருக்க, கடைகளில் முன்னால் நிற்பது வெறும் துண்டுகள் நிறைந்த வாளி இல்லை. ஒரு விண்கலத்தையோ ஒரு படக் காட்சியையோ மட்டும் செய்வதற்கான செட். உள்ளே பக்கம் பக்கமாகச் செய்முறைப் புத்தகம். துண்டுகளில் சில, வேறெதற்கும் எளிதில் பயன்படாத சிறப்பு வடிவங்கள். செய்து முடித்ததும் அது அலமாரிக்குப் போகிறது. கலைக்கப் பெற்றோருக்கே மனம் வருவதில்லை. அத்தனை கோடி வழிகளைத் திறந்த பொம்மை, ஒற்றை வழியாக விற்கப்படுகிறது.

இதனால் கெடுதல் உண்டா? 2016-இல் பேஜ் மோரோ, மாரிட் எங்கெசெட் என்ற இரு ஆய்வாளர்கள், செய்முறையைப் பின்பற்றி லெகோ கட்டியவர்கள் அடுத்துத் தரப்பட்ட கற்பனைப் பணியில் பின்தங்கியதைக் கண்டார்கள். இதைக் காட்டி செட்களையே ஒதுக்கச் சொல்வோர் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள்: சோதிக்கப்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. படம் பார்த்து ஒன்றைச் சரியாகச் செய்து முடிப்பதும் ஒரு திறமையே. ஆறேழு வயதில் அதற்கு மதிப்பு உண்டு. மறுபக்கச் சான்றும் இதே கண்டிப்போடு பார்க்கப்பட வேண்டும். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளின் வீடுகளுக்குக் கட்டைகளைக் கொடுத்து நடத்தப்பட்டு 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, மொழி வளர்ச்சியில் முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. அதற்குப் பணம் தந்தது கட்டைப் பொம்மை தயாரிக்கும் மெகா பிளாக்ஸ் நிறுவனம். மொழியை அளந்தது பெற்றோர் நிரப்பிய படிவம். கவனத்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. ஆகவே ‘மூளையை வளர்க்கும்’ என்று பெட்டியில் இருப்பதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். குழந்தை அதோடு எவ்வளவு நேரம் ஒன்றிப்போகிறது, எத்தனை வேறு வேறு பொருள்களை அதிலிருந்து எடுக்கிறது என்பவை வீட்டிலேயே கண்ணால் பார்க்கக்கூடியவை. நான் நம்புவது அவற்றைத்தான்.

வன்முறைக்கு வருவோம். லெகோ நவீன ராணுவத் தளவாடங்களைச் செய்வதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. ஆனால் 1978-இலேயே கோட்டை செட்டோடு வாளும் ஈட்டியும் வந்துவிட்டன. 1999-இல் ஸ்டார் வார்ஸ் பட ஒப்பந்தம் வந்தது. கற்பனை ஆயுதம் என்றால் கொள்கை தடுக்காது. 2016-இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக் குழு எண்ணிப் பார்த்தபோது, செட்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் ஏதாவது ஓர் ஆயுதத் துண்டு இருந்தது. இந்த எண் பொம்மையைப் பற்றிச் சொல்கிறது, அதை வைத்து விளையாடிய குழந்தை முரடாகியதா என்பதைச் சொல்லவில்லை. அதை நான் தடைக்கான காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் காரணம் வேறு. ஆயுதம் தராத வீட்டிலும் குழந்தை இரண்டு கட்டைகளைச் சேர்த்து ‘டிஷ்யூம்’ என்று சுடத்தான் செய்யும். அதைப் பார்த்து வீட்டார் பதற வேண்டியதில்லை. அந்தக் கட்டை ஐந்து நிமிடத்தில் தொலைபேசியாகும், பிறகு பாலமாகும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கும். அதைக் கையில் எடுத்தால் எதிரே ஒருவர் சாக வேண்டும் என்ற கதை முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. படைப்பாற்றலைக் குறைப்பதும் வன்முறையை நிலைநிறுத்துவதும் இங்கே ஒரே பண்புதான்.

இடிப்பதை வன்முறை என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். ஃப்ரோபெலின் விதியில் இந்த அச்சம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆண்பால் பிள்ளைத்தமிழ் இதில் அவரைவிட நுட்பமானது. அங்கே சிறுமியர் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள். காலால் சிதைக்க வரும் சிறுவனைச் சிதைக்காதே என்று கெஞ்சுகிறார்கள். தான் கட்டியதை இடிப்பது கட்டுவதன் மறுபாதி. இடித்தால்தான் அடுத்ததற்குக் கட்டை கிடைக்கும். பிறர் கட்டியதை இடிப்பது அவர்களை நோகடிப்பது. வீட்டில் ஒரே ஒரு விதி வைத்தால் போதும்: கட்டியவரே இடிக்கலாம். எந்தப் பொம்மையையும் தடைசெய்வதைவிட, அண்ணன் தங்கைக்கிடையே இந்த விதியைக் காப்பாற்றுவது அகிம்சைக்குக் கூடுதலாக உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே எடை போடலாம். மாண்டிசோரியின் இளஞ்சிவப்புக் கோபுரம், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்கள். மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் என்பதால் தமிழகத்தில் அவர் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் இதில் சரியான அடுக்கு ஒன்றே ஒன்று. அளவை உணர்த்தும் பயிற்சிக் கருவியாக நல்லது. கட்டும் பொம்மை என்று வாங்கக் கூடாது. காந்த ஓடுகள் அழகானவை, தட்டையான வடிவம் பெட்டியாக எழுவதைக் காட்டுவதில் நிகரற்றவை. ஆனால் நிற்க வைக்கும் வேலையைக் காந்தம் செய்துவிடுகிறது. மலிவான ஓடு உடைந்து இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால், அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடக்கூடும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

எளிய பொருள்களில் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் மாடல்கள், முக்கோணம் உறுதி, சதுரம் ஆடும் என்பதைக் கிட்டத்தட்டச் செலவில்லாமல் காட்டுபவை. அவை ஏழெட்டு வயதுக்கு உரியவை. கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் சண்டையில்லாத முறை உண்டு, கட்டவும் எல்லையில்லை. ஐரோப்பிய வயது மதிப்பீடு அதை 7 வயதுக்கு மேல் என்கிறது. என் ஆட்சேபம் வேறு: அதில் தனியே மிதக்கும் கல் கீழே விழாது. கட்டை விழும் என்பதை முதலில் கையால் அறியட்டும்.

தீர்ப்பு இதுதான். இரண்டு முதல் ஐந்து வயது வரை முதல் இடம், வண்ணமில்லாத யூனிட் கட்டைகளுக்கு. 14 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 3.5 செ.மீ. கனம் என்று தச்சரிடம் சொன்னால் போதும். அறுபது முழுக் கட்டைக்குக் கழிவு நீங்கலாக முக்கால் கன அடி மரம் பிடிக்கும். ரப்பர் மரம் தாராளம். விளிம்பை மழுக்கி உப்புத்தாளால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், வார்னிஷ் வேண்டாம். பத்துப் பதினைந்து கட்டையோடு நிறுத்தினால் கோபுரத்துக்கு மேல் எதுவும் வராது; எண்ணிக்கையில்தான் தெருவும் வீடும் எழும். இரண்டாம் இடம், பெரிய அளவு மாட்டும் துண்டுகளுக்கு, செட்டாக இல்லாமல் வாளியாக. பிளாஸ்டிக் எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம்.

பிறந்தநாளுக்கு மாமாவோ அத்தையோ போர்விமான செட்டைக் கொண்டுவந்தால் திருப்பித் தர வேண்டியதில்லை. குழந்தை விரும்பினால் ஒருமுறை புத்தகப்படி செய்யட்டும். பிறகு புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, துண்டுகளை வாளியில் மற்றவற்றோடு கொட்டிக் கலந்துவிடுங்கள்.